கிறீச்சிடும் பியானோ பெடல்: ட்யூனர் வரும்வரை என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். ஹற்றன் பக்கத்துத் தோட்டத் தேவாலயம் ஒன்றில் பழைய நிமிர்நிலைப் பியானோ ஒன்று இருக்கிறது. வலப்பக்கப் பெடலை மிதிக்கும்போது கிறீச்சென்றும், காலை எடுக்கும்போது டொக்கென்றும் அதில் சத்தம் எழுகிறது. சனிக்கிழமை இரவு கரோல் ஆராதனை. கொழும்பிலிருந்து வரவேண்டிய, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் ஜனவரிக்கு முன்னர் மலையேற முடியாது என்று சொல்லிவிட்டார். தோட்டத்து ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் மாமாவோ, கிறீஸ் துப்பாக்கியோடு உதவிக்குத் தயாராக நிற்கிறார்.

முதலில், மாமாவிடம் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அவருடைய கைகளும் காதுகளும் இந்த வேலைக்கு நிச்சயம் தேவைப்படும்; கிறீஸ் மட்டும்தான் தேவையில்லை. தேயிலை உருட்டும் இயந்திரத்தில் இரும்போடு இரும்பு உரசுகிறது. அங்கே எண்ணெயும் கிறீஸும் சரியான மருந்து. பியானோவின் பெடல் பொறியில் பெரும்பாலான இடங்களில் இரும்பு உரசுவது கம்பளித் துணியோடு, தோலோடு, அல்லது மரத்தோடு. எண்ணெயை இவை மூன்றும் உறிஞ்சிக்கொள்ளும். கம்பளி ஊறித் தடித்தால் அச்சு இறுகும். மரத்தில் ஊறினால் பின்னாளில் அங்கே எந்தப் பசையும் ஒட்டாது. அதன்மேல் தூசி படிந்து கறுத்த களியாகி, சில மாதங்களில் முன்பைவிடப் பெரிய சத்தத்தைத் தரும். ஆகவே அவசரப் பழுதுபார்ப்புக்கு நான் வைத்திருக்கும் விதி இரண்டே: இடுவது உலர்ந்ததாக இருக்க வேண்டும்; பின்னர் வரும் ட்யூனர் அதைச் சேதமில்லாமல் எடுத்துவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே, ஒரே ஒரு விலக்கைத் தவிர, இந்த இரண்டுக்கும் உட்பட்டவை.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெயைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கதவுக் கீல் கத்தினாலும் சைக்கிள் சங்கிலி கத்தினாலும் கை முதலில் போவது அந்தப் போத்தலுக்குத்தான். நுவரெலியாவுக்கு அருகே ஒரு தோட்டப் பங்களாவில் பல வருடங்களுக்கு முன் நான் பார்த்த பியானோவின் பெடல், பகலில் வெயில் ஏறிய பின் அமைதியாக இயங்கியது. விடியற்காலையிலும் இரவிலும் மிதித்தால் மெதுவாக, சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல் மேலே வந்தது. வீட்டுக்காரர் அதைப் பியானோவின் குணம் என்றே நினைத்திருந்தார். கீழ்ப்பலகையைக் கழற்றியபோது அச்சுகளைச் சுற்றி வெள்ளையாக மெழுகுபோல் ஏதோ உறைந்திருந்தது. முந்தைய வருடம் சமையற்காரர் விட்ட தேங்காய் எண்ணெய்தான் அது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். கொழும்பில் வருடம் முழுவதும் திரவமாக இருக்கும் எண்ணெய், நம் ஊரில் குசினி அலுமாரியிலேயே கட்டியாகி நிற்பதைத் தினமும் பார்க்கும் நாம், பியானோவுக்குள் மட்டும் அது உருகியே இருக்கும் என்று எப்படி நம்புகிறோமோ தெரியவில்லை. போதாக்குறைக்கு அந்த வாசனைக்கு எலியும் கரப்பானும் வரும். டபிள்யூ.டி.40 போன்ற தெளிப்பு எண்ணெய்களும் வேண்டாம். தெளிக்கும் எண்ணெய் நீங்கள் குறிவைத்த இடத்தோடு நிற்காது. அருகிலிருக்கும் தந்திகளிலும் கம்பளியிலும் படியும்.

இனி வேலைக்கு வருவோம். வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலும் பள்ளிக்கூடப் பையிலும் உள்ளவைதான்: 6பி போன்ற மென்மையான வரைபடப் பென்சில், குழந்தைகளுக்குப் பூசும் பவுடர், வெள்ளை மெழுகுதிரித் துண்டு, பழைய கம்பளி, பழைய தோல் சப்பாத்து, தச்சர்கள் பாவிக்கும் வெள்ளை மரப்பசை, நெருப்புக்குச்சி, ஒரு திருப்புளி, ஒரு டோர்ச் விளக்கு, அரை மீற்றர் நீளமான இறப்பர் குழாய். குழாய் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

பியானோவை அது நிற்கும் இடத்திலேயே வைத்துத் திறவுங்கள். நிமிர்நிலைப் பியானோவின் பாரம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது; வார்ப்பிரும்புச் சட்டம் உள்ளதால் மொத்த எடை 200 கிலோவுக்கும் மேல் போகும். நகர்த்தும்போது பின்னோக்கிச் சாய்ந்தால் இரண்டு ஆட்களால் தாங்க முடியாது. பெடல்களுக்கு மேலே, முழங்காலுக்கு எதிரே தெரியும் அகலமான பலகைதான் கீழ்ப்பலகை. விசைகள் அமர்ந்திருக்கும் தட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினால், பலகையின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் தகட்டு ஸ்பிரிங் ஒன்று அகப்படும். சில பியானோக்களில் இரண்டு இருக்கும், சிலவற்றில் திரும்பும் மரக்கட்டை இருக்கும். அதை மேல்நோக்கி அழுத்தியபடி பலகையின் மேல்விளிம்பை உங்கள் பக்கம் இழுத்து, பிறகு முழுப் பலகையையும் தூக்கி எடுத்துவிடலாம். திருகாணி எதையும் கழற்ற வேண்டியிருக்காது.

உள்ளே கை வைக்குமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள். மலையகத்துப் பழைய பியானோக்களின் அடித்தளம் எலிகளுக்குக் குளிர்கால விடுதி. கம்பளித் துண்டுகளைக் கத்தரித்து அங்கேயே மெத்தை போட்டிருக்கும். எச்சமோ கூடோ கண்டால் கையுறை போட்டு, முகத்தையும் மூடி, கிருமிநீக்கி தெளித்து ஈரமாக்கிய பின்னரே துடைத்து எடுங்கள். எலிக்காய்ச்சல் நம் நாட்டில் விளையாட்டான விஷயமல்ல. அந்தத் துப்புரவு மட்டுமே சில வேளைகளில் சத்தத்தை நிறுத்திவிடும். நான் ஒரு முறை கண்டுபிடித்த ‘சலசல’ச் சத்தத்துக்குக் காரணம், பெடல் நெம்புகோலுக்கும் அடித்தளத்துக்கும் இடையில் குளவி கட்டி விட்டுப்போன மண்கூடு ஒன்று உடைந்து கிடந்ததுதான்.

இப்போது உங்கள் கண்முன் இருப்பதைச் சொல்கிறேன். பித்தளைப் பெடல் உள்ளே நீண்டு ஓர் அச்சில் நிற்கிறது. அதன் பின்முனை, நட் பூட்டிய சிறு கம்பியால் நீளமான மர நெம்புகோல் ஒன்றோடு இணைந்திருக்கிறது. நெம்புகோலைப் பழைய இடத்துக்குத் திருப்ப ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நெம்புகோலின் மறுமுனை, பெரும்பாலும் பியானோவின் இடப்பக்க மூலையில், நிற்கும் மரத்தடி ஒன்றை மேலே தள்ளுகிறது. அந்தத் தடி மேலே சென்று ஓர் இரும்புக் கம்பியைத் திருப்ப, 88 விசைகளில் ஏறத்தாழ 65 முதல் 70 வரையானவற்றின் டாம்பர்கள், அதாவது தந்தியை அழுத்தி நாதத்தை அடக்கும் கம்பளிக் கட்டைகள், ஒரே நேரத்தில் தந்தியைவிட்டு விலகுகின்றன. உச்சத் தந்திகளின் நாதம் தானாகவே விரைவில் அடங்கிவிடுவதால் அவற்றுக்கு டாம்பர் இல்லை. இவ்வளவுதான் பொறி. கதவும் யன்னலும் செய்யத் தெரிந்த தச்சுப் பாஸ் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

விளங்குவது எளிது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். பியானோவின் பின்பக்கம் முழுவதும் ஒலியைப் பெருக்குவதற்கென்றே செய்த ஒரு பலகை நிற்கிறது. இடப்பக்க மூலையில் பிறக்கும் கிறீச், வலப்பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். காதை நம்பி உடனே பவுடரைக் கொட்டுகிறவர்கள் பத்து இடத்தில் கொட்டுவார்கள். பதினோராவது இடத்தில் சத்தம் இருக்கும். அவசர வேலைக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால், ஒன்றரை மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பதிலேயே செலவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் சோதனை, பொறியை இரண்டாகப் பிரிப்பது. நெம்புகோலை ஒரு கையால் கீழே அழுத்திக்கொண்டு, மறுகையால் நிற்கும் மரத்தடியைச் சற்று மேலே தூக்கி, அதன் அடிமுனையிலுள்ள ஊசியைத் துளையிலிருந்து விடுவித்து வெளியே எடுங்கள். எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று எடுக்குமுன் பென்சிலால் குறித்துவிடுங்கள். இப்போது பெடலை மிதித்துப் பாருங்கள். கிறீச் இன்னும் கேட்டால் குற்றம் கீழே: பெடலில், அச்சில், ஸ்பிரிங்கில், அல்லது நெம்புகோலில். கேட்கவில்லை என்றால் குற்றம் தடியின் முனைகளிலோ மேலேயுள்ள டாம்பர் கம்பியிலோ இருக்கிறது. தடியைக் கையில் பிடித்து மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தால் அதுவும் தெளிவாகிவிடும். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இரண்டாவது சோதனைக்குத்தான் இறப்பர் குழாய். உங்கள் மாமா காலால் அல்ல, கையால் பெடலை மிக மெதுவாக அழுத்தி விடட்டும். நீங்கள் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் கொண்டுபோங்கள். வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோலத்தான். மற்ற இடத்து ஓசைகள் அடங்கி, அந்த ஓர் இடத்தின் ஓசை மட்டும் எழுந்து கேட்கும். குழாய் இல்லாவிட்டால், ஓர் இணைப்பை விரல்களால் இறுகப் பிடித்தபடி பெடலை அழுத்தச் சொல்லலாம். உரசும் இடத்தின் அதிர்வு விரலுக்குத் தெரியும்.

கிறீச்சென்ற சத்தத்துக்கு நான் அதிகம் கண்ட காரணம் ஸ்பிரிங்தான். அதன் நுனி மரத்தில் உரசிக்கொண்டே அழுந்துவதால், வருடக்கணக்கில் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். முன்பு அந்த இடத்தில் ஒட்டியிருந்த தோல் துண்டோ கம்பளியோ தேய்ந்து காணாமற் போயிருக்கும். ஸ்பிரிங் நுனியை ஒரு திருப்புளியால் மெல்ல நெம்பி உயர்த்தி, மரத்தின் மேல் பென்சில் கரியைப் பளபளக்கும்வரை தடித்துப் பூசுங்கள். பென்சிலுக்குள் இருப்பது கிராபைட். அது உலர்ந்த வழுக்குப்பொருள், எங்கும் வழிந்து பரவாது. எச் என்று குறித்த கடினப் பென்சில்களில் களிமண் அதிகம் என்பதால் அவை இதற்கு உதவா. பள்ளம் ஆழமாக இருந்தால், பழைய சப்பாத்தின் நாக்கிலிருந்து விரல்நகம் அளவு தோலை வெட்டி, மினுக்கமான பக்கம் மரத்துக்கும் கரடான பக்கம் ஸ்பிரிங்குக்குமாக வைத்து, கரடான பக்கத்தில் கிராபைட் தேய்த்து, ஒரு துளி மரப்பசையால் ஒட்டிவிடுங்கள். ஸ்பிரிங்கை நெம்பும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கழன்று தெறித்தால் கண்ணைக் காயப்படுத்தும் அளவுக்கு வலுவுள்ளது. சுருள் ஸ்பிரிங்காக இருந்து, கிறீச்சுக்குப் பதிலாக ‘ணங்’ என்று அதிர்ந்தால், சுருளின் உள்ளே கம்பளி நூலைத் தளர்வாகத் திணித்தாலே போதும். பழைய ஸ்வெட்டரின் நூல் இதற்கு மிகப் பொருத்தம். அந்தப் பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமும் இல்லை.

அடுத்த காரணம் அச்சு. நெம்புகோலின் அச்சாணி கம்பளி பொதிந்த துளையில் சுழல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்த ஆணி மெல்லிய துரு பிடித்து, அந்தத் துரு கம்பளிக்குள் அரத்தூள்போல் இறங்கியிருக்கும். அச்சுக்கட்டையின் திருகாணிகளைத் தளர்த்தி ஆணியை வெளியே எடுக்க முடிந்தால், மிக மெல்லிய உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, துணியால் துடைத்து, பென்சிலால் ஆணி முழுவதும் கரியேற்றி, கம்பளித் துளைக்குள் ஒரு சிட்டிகைப் பவுடரை ஊதி, மீண்டும் பூட்டுங்கள். ஆணி வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வெளியிலிருந்தே பவுடரை ஒரு தாள் மடிப்பில் எடுத்து அச்சின் விளிம்பில் ஊதிவிட்டு, பெடலை ஐம்பது தடவை இயக்கினால் கொஞ்சமாவது உள்ளே போகும். சனிக்கிழமை இரவைத் தாண்ட அது போதும். இரும்பு இரும்போடு நேரடியாக உரசும் இடம், உதாரணமாகச் சில பெடல்களின் கொக்கியும் வளையமும், உண்மையிலேயே இருந்தால், அங்கே மட்டும் நெருப்புக்குச்சி நுனியில் எடுத்த வசலின் ஒரு புள்ளி வைக்கலாம். உலர்ந்ததையே இடவேண்டும் என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் விலக்கு அது ஒன்றுதான்.

மரத்தடியின் இரு முனைகளும் மூன்றாவது சந்தேகத்துக்குரியவை. முனையிலுள்ள ஊசி நுழையும் துளையில் தோல் வளையமோ கம்பளி வளையமோ இருக்க வேண்டும். அது தேய்ந்து போயிருந்தால் மரத்தில் உலோகம் அரைக்கும். சப்பாத்துத் தோலில் ஒரு வளையம் வெட்டி, நடுவில் துளையிட்டு, ஊசியில் மாட்டினால் வேலை முடிந்தது, பசைகூடத் தேவையில்லை. தடி நிற்கும்போது வளைந்து அருகிலுள்ள தூணிலோ மற்றத் தடியிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் அந்த இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். மரமும் மரமும் உரசும் இடத்தில் மெழுகைப்போல் எளிய மருந்து வேறில்லை. இழுபடாத மேசை லாச்சிக்கு நம் பாட்டிமார் செய்ததும் அதுதானே.

சத்தம் மேலே, டாம்பர் கம்பியில் இருந்து வருவதாகத் தெரிந்தால், அங்கே உங்கள் வேலை பவுடரோடு முடிகிறது. கம்பியின் தாங்கிகள், தந்தியைத் தட்டும் சுத்தியல்களின் பின்னே, தந்திகளுக்கு மிக அருகில் உள்ளன. பழக்கமில்லாத கை ஒரு சுத்தியலின் காம்பை முறித்துவிட்டால், கிறீச்சிடும் பியானோவுக்குப் பதிலாக ஒரு சுரம் பேசாத பியானோ உங்களுக்குக் கிடைக்கும். ஒரு மெல்லிய ஓவியத் தூரிகையால், எட்டும் தாங்கிகளின் கம்பளியில் பவுடரைத் தொட்டுவிட்டு, மிச்சத்தை ட்யூனருக்கு விடுங்கள்.

இனி காலை எடுக்கும்போது வரும் ‘டொக்’. இது உராய்வினால் வருவதல்ல. மெத்தை இல்லாத இடத்தில் மோதுவதால் வருவது. பெடல் மேலே வரும்போது கீழ்ச்சட்டத்தின் துவாரத்து மேல்விளிம்பில் இடிக்கலாம், அல்லது நெம்புகோல் தன் ஓய்விடத்தில் இடிக்கலாம். இரண்டு இடத்திலும் முன்பு தடித்த கம்பளி ஒட்டியிருந்த தழும்பு, பழைய பசையின் மஞ்சள் கறையாகத் தெரியும். எலி கொண்டுபோனது பெரும்பாலும் இதைத்தான். அதற்குப் பதிலாக எதை ஒட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நெய்து அடித்து இறுக்கிய உண்மையான கம்பளிதான் சிறந்தது. பில்லியர்ட் மேசைக்கு விரிக்கும் பச்சைத் துணி இதற்கென்றே பிறந்தது போன்றது. மலையகத்தில் துரைமார் காலத்துக் கிளப்புகள் பலவற்றில் பில்லியர்ட் அறைகள் உண்டு. துணி மாற்றும்போது கழிக்கும் துண்டு ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பல வருடங்களுக்குப் போதும். கிடைக்காவிட்டால் பழைய கம்பளிக் கோட்டின் கழுத்துப்பட்டி, அல்லது கம்பளிப் போர்வையின் ஓரம். இரண்டு மூன்று மடிப்பாக, மொத்தம் 3 மில்லிமீற்றர் தடிப்பு வரும்படி ஒட்டுங்கள். இறப்பர் செருப்புத் துண்டையோ ஸ்பொஞ்சையோ சிலர் ஒட்டுவார்கள். அன்றைக்கு அது அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் இறப்பர் பித்தளையைப் பிடித்துக்கொண்டு விடும்போது ‘ப்ச்’ என்று ஒரு புதிய சத்தத்தை உண்டாக்கும், ஸ்பொஞ்சு சில மாதங்களில் தூளாகி உதிரும். மரப்பசை நம் குளிரில் காய நேரமெடுக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலைக்கு முன் ஒட்டி, இரவு முழுவதும் பெடலைத் தொடாமல் விடுங்கள். சடுதியில் ஒட்டும் பசை வேண்டாம். அது கம்பளிக்குள் ஊறிக் கல்லாகிவிடும், பிறகு அதுவே மோதும்.

மிதிக்கத் தொடங்கும்போதே ‘டக்’ என்று கேட்டால் காரணம் வேறு. பெடலுக்கும் நெம்புகோலுக்கும் இடையில் வெற்று இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். இணைப்புக் கம்பியிலுள்ள நட்டைச் சிறிது சிறிதாகத் திருகி அந்த இடைவெளியைக் குறைக்கலாம். கால் பாகம் திருகுங்கள், மிதித்துப் பாருங்கள், மறுபடி கால் பாகம். முழுவதும் இல்லாமற் செய்துவிடக் கூடாது. டாம்பர்கள் அசையத் தொடங்குமுன் பெடலின் நுனி ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீற்றர்வரை வெறுமனே இறங்கவேண்டும். அதையும் இறுக்கிவிட்டால் டாம்பர்கள் தந்தியில் முழுமையாகப் படியாமல், பெடலைத் தொடாமலே சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். திருகி முடித்ததும் நடுப்பகுதியில் சில சுரங்களைச் சுருக்கமாகத் தட்டி விடுங்கள். விரல் எடுத்தவுடன் ஒலி அறுந்தால் சரி.

‘சலசல’ என்றோ ‘கடகட’ என்றோ ஆடும் சத்தம் பெரும்பாலும் தளர்ந்த திருகாணி. பெடல் அச்சுக்கட்டையின் ஆணிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது. மருந்து முறித்த இரண்டு மூன்று நெருப்புக்குச்சிகளை மரப்பசை தொட்டுத் துளைக்குள் செருகி, வெளியே நீட்டுவதை முறித்துவிட்டு, திருகாணியைக் கையளவு பலத்தில் பூட்டுங்கள். ஈர்க்குத் துண்டுகளும் ஆகும். பெரிய ஆணியைப் போட்டு இறுக்குவது பின்னால் வருபவருக்குச் செய்யும் துரோகம். இங்கே நம் ஊர்க் காலநிலை பற்றி ஒரு வார்த்தை. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை வீசும் குளிர்ந்த உலர்காற்றும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்றும்தான் அந்தந்தப் பக்கத்துத் தேயிலைக்குப் பேர்போன வாசனையைத் தருகின்றன. அதே காற்று பியானோவின் மரத்தைச் சுருக்கித் திருகாணிகளைத் தளர்த்துகிறது. மழைமாதங்களில் கிறீச்சும், உலர்மாதங்களில் கடகடப்பும் என்று பொதுவாகச் சொல்லலாம். எனவே மார்கழியில் கிறீச்சுக்கு வைத்தியம் பார்த்த நீங்கள், மாசியில் மறுபடி ஒரு முறை திருப்புளியோடு உள்ளே போகவேண்டியிருக்கும்.

பெடலை மிதிக்கும்போது ‘உஸ்’ என்று நீண்ட மூச்சுப்போல் கேட்பது பழுதல்ல. எழுபது கம்பளிக் கட்டைகள் ஒரே நேரத்தில் தந்திகளை விட்டு விலகும்போது தந்திகள் மெல்ல விழித்துக்கொள்ளும் ஒலி அது. புதிய பியானோவிலும் கேட்கும். அதை நிறுத்த முயன்று டாம்பர் கம்பளியில் எதையும் பூசிவிடாதீர்கள்.

உங்களுடையது கிராண்ட் பியானோ அல்ல. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். கிராண்டில் பெடல்கள் தொங்கும் யாழ் வடிவச் சட்டத்தைப் பின்னிருந்து முட்டுக்கொடுக்கும் சாய்வான கம்பிகள் அடிக்கடி தொலைந்துபோகும். அவை இல்லாமல் ஒவ்வொரு மிதிக்கும் சட்டம் பின்னோக்கி ஆடிச் சத்தமிடும், நாளடைவில் பிய்ந்தும் விழும். அளவாக வெட்டிய உறுதியான மரத்தடிகளைப் பழைய கம்பிகள் பொருந்திய குழிகளிலேயே முட்டாகப் பொருத்தினால் ஓர் இரவு நிகழ்ச்சியைக் கடத்தலாம்.

சத்தம் இடப்பக்கப் பெடலிலோ நடுப்பெடலிலோ இருந்தால் இவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை. அதன் மரத்தடியையோ இணைப்பையோ கழற்றி, பத்திரமாகக் கட்டி, அடித்தளத்தின் ஓரத்தில் படுக்க வைத்துவிடுங்கள். கரோல் ஆராதனையில், ஒலியை மெலிதாக்கும் அந்த மென்பெடல் இல்லாததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

வெள்ளி மாலைக்குள் சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமற் போனால், வாசிப்பவரின் கால்தான் கடைசி மருந்து. குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பகுதி பெடலைவிட்டு ஒருபோதும் பிரியாமல், பெடலோடு சேர்ந்தே மேலே வரவேண்டும். காலை முழுவதும் தூக்கிவிட்டு மறுபடி அறைவதுதான் பாதி ‘டொக்’குக்குக் காரணம் என்பதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. நம் தேவாலயங்களில் வெறுங்காலோடு வாசிப்பவர்களுக்கு இது எளிதாக வரும். குளிருக்காகத் தடித்த காலுறை போட்டால் பித்தளையில் வழுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீர்த்தனைகளுக்கும் சபையார் சேர்ந்து பாடும் பாடல்களுக்கும் பெடல் குறைவாகவே தேவை. கிறீச் கேட்கக்கூடியது தனி வாசிப்பிலும், ஜெபத்தின்போது மெல்ல வாசிக்கும் இடங்களிலும்தான். அங்கே பெடலைத் தொடாமல் விரல்களாலேயே சுரங்களைப் பிடித்து இணைத்து வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடைசியில் சேர்த்திருந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பரீட்சைக்காகக் கைத்தொலைபேசியில் காணொளி எடுக்கும் உங்கள் மாணவிக்கு இந்தச் சத்தம் தடையாகுமா? 2020இலிருந்து ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபை நடத்தும் வாசிப்புத் தரப் பரீட்சைகளில் காணொளிப் பதிவையே பரீட்சகர் கேட்கிறார். தொலைபேசியைப் பியானோவின் மேல்மூடியிலோ, பியானோ நிற்கும் அதே பலகைத் தரையில் ஊன்றிய தாங்கியிலோ வைத்தால், பெடலின் அதிர்வு மரம் வழியாகவே நேராக ஏறிப் பதிவாகும். அறையில் இருப்பவர்களுக்குக் கேளாத ‘டொக்’கூடப் பதிவில் பெரிதாகக் கேட்கும். தொலைபேசியைப் பியானோவைத் தொடாத வேறொரு மேசையில், நாலாக மடித்த துவாய் ஒன்றின்மேல், பெடலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். பியானோவில் எதையும் தொடாமலே பாதிச் சத்தம் குறைந்துவிடும்.

எல்லாம் முடிந்து கீழ்ப்பலகையை மாட்டுமுன், ஒரு தாளில் திகதியையும், எந்த இடத்தில் எதை வைத்தீர்கள், எந்த நட்டை எத்தனை கால் பாகம் திருகினீர்கள், எதைக் கழற்றி எங்கே கட்டி வைத்தீர்கள் என்பதையும் எழுதி, பலகையின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பழைய ட்யூனர்கள் தாங்கள் வந்துபோன நாளைப் பென்சிலால் விசையின் மரப்பக்கத்தில் எழுதி வைப்பது வழக்கம். உங்கள் பியானோவிலும் யாரோ ஒருவருடைய கையெழுத்து இருக்கக்கூடும், டோர்ச் கையில் இருக்கும்போதே தேடிப் பாருங்கள். ஜனவரியில் வருபவர் பலகையைத் திறந்ததும் அந்தத் தாளை முதலில் படிப்பார். எங்கே தொடங்குவது என்று அவர் தேடவேண்டி வராது.